குடும்பக் குழுவில் வரும் மருத்துவச் செய்திகள்: எங்கிருந்து வருகின்றன, எப்படிப் பரவுகின்றன, நாம் என்ன செய்யலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

சூடான தேங்காய் நீர் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே சொன்னதாக அது தொடங்கும். இரண்டு மூன்று தேங்காய்த் துண்டுகளைக் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அது காரநீர் (ஆல்கலைன் நீர், அமிலத்துக்கு எதிர்த்தன்மை உள்ளது) ஆகிவிடும், தினமும் குடித்துவந்தால் போதும் என்று நடுவில் சொல்லும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும் என்று முடியும். 2019 மே மாதத்திலேயே டாடா மெமோரியல் மருத்துவமனை இதை மறுத்து, எங்கள் மருத்துவர் இப்படி எதுவும் சொல்லவில்லை என்று அறிவித்துவிட்டது. செய்தி மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

இதை நமக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நம்மை ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. நம் பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணன், பழைய பள்ளி நண்பன். வீட்டில் யாருக்காவது நோய் என்று கேள்விப்பட்டதும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் துடிக்கிறது. கையில் இருப்பது இந்த ஒரு செய்திதான். பொய்யான மருத்துவத் தகவல் அக்கறை என்ற வண்டியில் ஏறித்தான் ஊர் சுற்றுகிறது. ஆகவே அந்த அக்கறையைக் காயப்படுத்தாமல் பொய்யை மட்டும் இறக்கிவிடும் வழியைத்தான் நாம் தேட வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

படி 1: முதலில் செய்தியைப் பிரித்துப் படியுங்கள்

தேங்காய் நீர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பாகங்கள் இருக்கின்றன, நான்கும் நான்கு வேலை செய்கின்றன.

ஒன்று, பெயர். டாடா மெமோரியல் என்பது இந்தியாவில் புற்றுநோய் சிகிச்சைக்கு மிகவும் பெயர் பெற்ற இடம். அந்த மருத்துவரும் நிஜமாக இருப்பவர். தேடிப் பார்த்தால் கூகுளில் அவர் பெயர் வரும், மருத்துவமனையும் வரும். சரிதானே என்று தோன்றிவிடும். ஆனால் மருத்துவர் இருக்கிறார் என்பதும், அவர் இதைச் சொன்னார் என்பதும் வேறு வேறு விஷயங்கள். நாம் தேட வேண்டியது இரண்டாவதை.

இரண்டு, அறிவியல் வாசனை உள்ள ஒரு சொல். இங்கே அது காரநீர். நம் ரத்தத்தின் கார அமிலச் சமநிலை (pH அளவு) 7.35 முதல் 7.45 வரைக்குள்தான் இருக்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அந்த எல்லைக்குள் வைத்திருக்கின்றன. நாம் எதைக் குடித்தாலும் அது முதலில் இரைப்பை அமிலத்தில்தான் போய் விழுகிறது. குடிநீரைக் காரமாக்கி ரத்தத்தைக் காரமாக்க முடியாது. அந்த அளவுக்கு வேதியியல் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு குவளை வெந்நீரில் புற்றுநோய் தீரும் என்றால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் இத்தனை ஊர்க்காரர்கள் ஏன் காத்திருக்கிறார்கள் என்ற ஒரு கேள்வி போதும்.

மூன்று, சமையலறையில் கிடைக்கும் பொருள். செலவு இல்லை, பக்கவிளைவு இல்லை, இன்றே தொடங்கலாம். வறுமையிலும் பயத்திலும் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. செய்தியின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான்கு, பகிரச் சொல்லும் கட்டளை. பத்துப் பேருக்கு அனுப்புங்கள், ஓர் உயிர் பிழைக்கும். உண்மையான மருத்துவ அறிவிப்பு எதுவும் இப்படிப் பேசாது. பகிராவிட்டால் யாரோ சாவார்கள் என்ற குற்ற உணர்ச்சியை உண்டாக்கும் வரி எங்கே வந்தாலும் அங்கே நின்றுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இதே வாசகம் எலுமிச்சைக்கும் அன்னாசிக்கும்கூடச் சுற்றியது. எலுமிச்சை வந்தபோது சொன்னவர் சீன ராணுவ மருத்துவமனைப் பேராசிரியர், அன்னாசிக்கு வேறொருவர், இந்தியாவில் தேங்காய்க்கு டாடா மெமோரியல் மருத்துவர். பழமும் பெயரும் மாறின. வாக்கிய அமைப்பு அப்படியே இருக்கிறது. பொய்ச் செய்தி ஊருக்கேற்ப வேட்டியோ சேலையோ கட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு செய்தியைத் தேடும்போது மருத்துவர் பெயரை விட்டுவிட்டு, நடுவில் உள்ள வித்தியாசமான ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துத் தேடுங்கள். பழைய அவதாரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

படி 2: அது எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது வேறு எங்கிருந்தோ பகிரப்பட்டது. இரட்டை அம்புக்குறி இருந்தால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள். உங்கள் மாமா அதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை. மாமாவின் மேல் உள்ள நம்பிக்கையை அந்தச் செய்திக்குக் கடன் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: யாராவது நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் அம்புக்குறி மறைந்துவிடும். அம்புக்குறி இல்லை என்பதால் அது புதிது என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தக் குறிகளும் கட்டுப்பாடுகளும் சும்மா வரவில்லை. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்திகளால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் பகிர்வு உலக அளவில் 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. ஒரு விரல் தட்டுக்குப் பதில் மூன்று நான்கு தட்டு என்று ஆனதும் இவ்வளவு குறைகிறது என்றால், நம்மில் எத்தனை பேர் படிக்காமலே பகிர்ந்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். காணொளி என்றால் முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, திரையைப் படம் பிடித்து அதையே தேடுங்கள். பழைய காணொளி புதுத் தலைப்போடு வந்திருப்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். குரல் பதிவுதான் கஷ்டம். "நான் ஜி.ஹெச்.ல டாக்டரா இருக்கேன், இதை எல்லாருக்கும் அனுப்புங்க" என்று பெயரும் ஊரும் சொல்லாத ஒரு குரல் பதற்றத்தோடு பேசும். அதைத் தேட வழியே இல்லை. பெயர் சொல்லாத குரலுக்கு என் பதில் ஒன்றுதான்: கேட்டுவிட்டு அழித்துவிடுவது.

படி 3: பின் நடந்ததையும் அதனால் நடந்ததையும் பிரியுங்கள்

முழுப் பொய்யைவிட, பாதி உண்மைதான் நம்மை அதிகம் கவிழ்க்கிறது. தமிழர்களுக்கு இது மறக்க முடியாதபடி 2021 ஏப்ரலில் நடந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவேக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களும் தயங்காமல் போட வேண்டும் என்பதற்காகவே பலர் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார்.

அந்தச் சில நாட்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊசி போட்டார், இறந்தார். இரண்டும் உண்மை. தேதிகளும் உண்மை. நடுவில் உள்ள அந்த இணைப்பு மட்டும் யாரும் நிரூபிக்காதது. இதயத்தின் இடது பக்க முக்கிய ரத்தக் குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். இதயக் குழாயில் கொழுப்பு படிவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் விஷயம். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த ஆண்டு அக்டோபரில், இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. ஆனால் ஏப்ரலில் பயந்து ஊசி போடாமல் இருந்தவர்களுக்கு அக்டோபர் மிகத் தாமதம். நடுவில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் வந்து போனது. அந்த மே மாதம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: ஊசி போடாவிட்டாலும் இது நடந்திருக்குமா? லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு நாளில், அவர்களில் சிலருக்கு அதே வாரத்தில் மாரடைப்பு வரத்தான் செய்யும், ஏனென்றால் எல்லா வாரமும் பலருக்கு மாரடைப்பு வருகிறது. ஊசி போட்டவர்களிடம் அது வழக்கத்தைவிட அதிகமாக வருகிறதா என்று கணக்கெடுத்தால்தான் தொடர்பு தெரியும். ஒரு மனிதரின் கதையில் அது தெரியாது, அவர் நமக்கு எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும்.

சரி, அப்படியென்றால் தடுப்பூசிக்குப் பக்கவிளைவே இல்லையா? இருக்கிறது, அதை மறைப்பது தவறு. கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் நிலை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021 ஏப்ரலிலேயே வெளிப்படையாகச் சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-இல், இங்கிலாந்து நீதிமன்ற ஆவணம் ஒன்றில், அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் அதையே ஒப்புக்கொண்டது என்ற செய்தி வந்ததும், இத்தனை நாள் மறைத்த ரகசியம் வெளியானதுபோல நம் ஊரில் பரவியது. செய்தி உண்மை, அதன் தேதி காணாமல் போயிருந்தது, மிக அரிது என்ற சொல்லும் காணாமல் போயிருந்தது. எந்த மருத்துவச் செய்தியைப் பார்த்தாலும் இரண்டைக் கேளுங்கள்: எப்போது தெரியவந்தது? எத்தனை பேரில் ஒருவருக்கு?

படி 4: பயத்துக்கு ஒரு வேர் இருக்கும், அதைத் தேடுங்கள்

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும், பெரும்பாலும் பள்ளிகளிலேயே. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். அதைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் முகாம் தொடங்கும்போதே, இது பிள்ளைகளை மலடாக்கும், ஆட்டிசம் வரும், வெளிநாட்டுச் சதி என்று வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடத் தொடங்கிவிட்டது. உண்மையில் அந்த ஊசி மருந்து புனேயில் தயாரானது. பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஆட்டிசம் என்ற அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1998-இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், தட்டம்மையும் ரூபெல்லாவும் அடங்கிய தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து. அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் மொத்தம் 12 பேர். தரவுகள் திரிக்கப்பட்டவை என்று பின்னால் தெரியவந்தது. 2010-இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. திரும்பப் பெற்று ஏழு ஆண்டுகள் கழித்து, கட்டுரையின் பெயரோ எழுதியவர் பெயரோ தெரியாத தமிழ்த் தாய்மார்களின் கைப்பேசியில் அதன் சாரம் மட்டும் வந்து நின்றது.

ஆனால் எல்லாப் பழியையும் லண்டன் மேல் போட்டுவிட முடியாது. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்த சம்பவம் நம் மக்களின் நினைவில் இருந்தது. கூடவே, திடீரென்று பள்ளியில் வந்து ஊசி போடப்போகிறோம் என்றபோது, ஏன் இப்போது, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன் என்று பெற்றோர் கேட்ட கேள்விகளுக்குப் பல இடங்களில் நேரத்தில் பதில் வரவில்லை. பதில் வராத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. பயந்த பெற்றோரை அறிவில்லாதவர்கள் என்று திட்டியவர்களை அப்போது நிறையப் பார்த்தேன். அது அநியாயம். கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மிடம் இருந்தது.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது ஒரு பொய்ச் செய்தியை நம்பினால், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் செய்திக்குப் பின்னால் ஒரு நிஜ அனுபவம் இருக்கும்: சரியாகப் பேசாத ஒரு மருத்துவர், எதற்கென்று சொல்லாமல் எடுத்த ஒரு ஸ்கேன், தாங்க முடியாத ஒரு பில்.

படி 5: செய்தியை யார் தள்ளிவிடுகிறார்கள், யாருக்குக் காசு?

2018-இல் சயின்ஸ் அறிவியல் இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வகைச் செய்திகளும் அதில் உண்டு. பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகள்தான் இதற்குக் காரணம் என்று நினைப்போம். அவற்றை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள். பொய்யில் இருந்த புதுமையும், அது கிளப்பிய ஆச்சரியமும் அருவருப்பும்தான் வேகத்தைக் கொடுத்திருக்கும் என்று அவர்கள் விளக்கினார்கள்.

தளங்களும் அதற்கு எண்ணெய் ஊற்றின. ஃபேஸ்புக் 2017 முதல் கோபம் உள்ளிட்ட முகக்குறிகளுக்கு, சாதாரண விருப்பக் குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து எதை முன்னால் காட்டுவது என்று தீர்மானித்தது. கோபத்தைக் கிளப்பும் பதிவுகளில் பொய்த் தகவல் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே கண்டுசொன்னபின், 2020-இல்தான் கோபக் குறியின் மதிப்பைச் சுழியமாக்கினார்கள். நீங்கள் ஒரு பொய்யைப் பார்த்துக் கொதித்துப்போய்க் கீழே திட்டி எழுதினாலும், அது அந்தப் பதிவை இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோகும் வேலையைத்தான் செய்யும். பொதுப் பதிவாக இருந்தால் புகார் அளித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் காசு. காணொளியின் கடைசியில் ஒரு தொலைபேசி எண் வருகிறதா, பொடி, லேகியம், முகாம் என்று ஏதாவது விற்கிறார்களா என்று பாருங்கள். சர்க்கரை நோயை முற்றிலும் குணமாக்குவோம், புற்றுநோயை ஒழிப்போம் என்று விளம்பரம் செய்வது இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்களும் நிலைகளும் இருக்கின்றன, உயரம் கூட்டுவதுகூட உண்டு. அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் எதுவானாலும் பொருந்தும். சட்டம் கண்ணில் படாததுபோல யூடியூபில் நடப்பது வேறு கதை.

பெரிய இடத்து ஆதரவும் சான்று ஆகாது. 2020 டிசம்பரில் இலங்கையின் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குத் தேன் கலந்த பாணி (சிரப்) ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொன்னதும் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டுப்பாடுகளையும் மீறி அங்கே திரண்டார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதை எல்லோர் முன்னும் பருகினார். மறுமாதம் அவருக்கே கொரோனா தொற்று உறுதியானது.

படி 6: எல்லாவற்றோடும் சண்டை போடாதீர்கள், ஆபத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்

சளிக்குச் சுக்குக் கஷாயம் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். காலையில் வெந்நீர் குடிப்பதால் யாருக்கும் கேடில்லை. இதற்கெல்லாம் ஆதாரம் கேட்டுக் குழுவில் மல்லுக்கட்டினால், நிஜமான ஆபத்து வரும்போது உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

உடனே தலையிட வேண்டியவை மூன்று வகை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவை. மருத்துவமனைக்குப் போவதைத் தாமதமாக்குபவை. விழுங்கவே கூடாததை விழுங்கச் சொல்பவை. 2020-இல் ஈரானில் சாராயம் குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. பிரசவத்துக்குப் பின் வரும் அந்த ரத்தப்போக்கை நிறுத்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. வீட்டில் இரண்டும் இல்லை.

தாமதமாக்கும் வகைக்கு நல்ல உதாரணம் பக்கவாதச் செய்தி. ஒரு சீனப் பேராசிரியர் சொன்னதாக வரும். பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடு, காது மடலைச் சிவக்கும்வரை இழுத்து அதிலும் குத்து என்று சொல்லும். அதில் உயிரைக் குடிக்கும் வரி வேறொன்று: நோயாளியை இருந்த இடத்திலிருந்து நகர்த்தாதே என்பது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின். பத்து விரலையும் குத்திக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். மாரடைப்பின்போது தனியாக இருந்தால் பலமாக இருமுங்கள் என்ற செய்தியும் இதே ரகம்தான். அமெரிக்க இதயச் சங்கம் அதை வெளிப்படையாகவே ஏற்கவில்லை.

படி 7: அனுப்பியவருக்கு எப்படிப் பதில் சொல்வது

குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று ஒரு வரி போட்டால், பொய் தோற்காது, சித்தப்பா தோற்பார். அறுபது வயது மனிதர் அண்ணன் மகனிடம் எல்லோர் பார்க்கத் தோற்க விரும்ப மாட்டார். அடுத்த செய்தியை இன்னும் பிடிவாதமாக அனுப்புவார். ஆகவே தனியாகப் பேசுங்கள். முடிந்தால் தொலைபேசியில். எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதலாம்:

"சித்தப்பா, நீங்க அனுப்பின பக்கவாதச் செய்தியைப் பார்த்தேன். எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் அனுப்பியிருக்கீங்க. அதனாலதான் விசாரிச்சேன். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க முடியலைன்னாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குப் போன் பண்ணணும். நாலரை மணி நேரத்துக்குள்ள போனாத்தான் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். ஊசியால குத்திக்கிட்டு இருந்தா அந்த நேரம் வீணாப்போயிடும். இதை நீங்களே குழுவுல போட்டுடுங்க சித்தப்பா, நீங்க சொன்னா எல்லாரும் கேட்பாங்க."

இதில் கவனிக்க வேண்டியது, பொய் எங்கே இருக்கிறது என்பது. முதலில் அவருடைய அக்கறை, அடுத்து உண்மை, அதற்கப்புறம்தான் பொய், அதுவும் ஒரே வரியில். பொய்யை விரிவாகத் திரும்பச் சொன்னால் படிப்பவர் மனதில் அதுதான் தங்கும். கடைசி வரி மிக முக்கியம். திருத்தத்தை வெளியிடும் பெருமையை அவரிடமே கொடுத்துவிடுகிறோம். அவர் போட்டால் முதலில் படித்த அத்தனை பேரும் மறுபடி படிப்பார்கள். பொய்ச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே குழுவில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் குறுக்கே பெரிதாக "பொய்" என்று எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால் அதையே எடுத்து யாராவது உண்மை என்று பகிர்ந்துவிடுவார்கள்.

படி 8: உண்மையும் ஓட வேண்டும், அதற்குக் கால் கொடுங்கள்

சரியான தகவல் பரவாது என்பது உண்மையில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் தினமும் மாலை சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை நினைவிருக்கும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற அந்த அட்டவணையை யாரும் கட்டாயப்படுத்தாமலே ஏராளமானவர்கள் பகிர்ந்தார்கள். காரணம் வெளிப்படை. சொன்ன நேரத்தில் வந்தது. ஒரே பக்கத்தில் இருந்தது. நம் மாவட்டம் அதில் இருந்தது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும் கேரளச் சுகாதார அமைச்சர் சைலஜா தினமும் செய்தியாளர்களைச் சந்தித்து நிலவரத்தைச் சொன்னார். வதந்திக்கு இடைவெளி குறைந்தது.

நாமும் அதையே சிறிய அளவில் செய்யலாம். இணைய இணைப்பை மட்டும் அனுப்பினால் பெரியவர்கள் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடியும் குரல் பதிவு, உங்கள் குரலில், உங்கள் ஊர்ப் பேச்சில் அனுப்புங்கள். ஒரு செய்தியில் ஒரே ஒரு செயலைச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்கு பற்றி, வெயில் காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றி என்று நேரம் பார்த்து அனுப்புங்கள். உங்கள் ஊர்க் கிராமச் சுகாதாரச் செவிலியரைக் குழுவில் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. வீட்டுக்கு வந்து குழந்தைக்கு எடை பார்த்தவர் சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை அதிகம்.

சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 1990-ஐ அழைக்கலாம். சுற்றும் செய்திகளைச் சரிபார்க்க யூடர்ன், ஃபேக்ட் கிரசெண்டோ தமிழ், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் ஆகியவற்றின் பக்கங்களில் தேடிப் பாருங்கள். அரசுத் திட்டத்தைப் பற்றிய விமர்சனம் என்றால் அரசின் சரிபார்ப்பை மட்டும் நம்பாமல் இன்னோர் இடத்திலும் பாருங்கள்.

ஏற்கெனவே நம்பிச் செய்துவிட்டிருந்தால்

அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வாரமாக ஏதோ ஒரு பொடியைச் சாப்பிடுகிறார் என்று இன்றைக்குத் தெரியவருகிறது என்று வையுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், மருத்துவரிடமும் மறைப்பார்கள். என்றைக்கு நிறுத்தினார், எந்த மாத்திரை, பொடி எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பார்த்து அந்த எண்ணையும் எழுதுங்கள். வாந்தி, மூச்சு வாங்குவது, மயக்கம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், 108. நிறுத்திய மாத்திரையை நீங்களாகவே இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பொடிப் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். முகவரி இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உள்ளே போகும்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே பேசவிடுங்கள். விட்டுப்போனதை மட்டும் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.